ஏழாம் பாத்தியில் பனி

இதை நான் நேரில் பார்க்கவில்லை. கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த வேம்பு சொல்லிக் கேட்டது. வேம்புவுக்கு அவள் அம்மா உச்சிமாகாளி சொன்னது. மாகாளியக்கா இது நடந்த உப்பளத்தில் உப்பு வாருகிறவர் என்பதால் பெரும்பகுதியைக் கண்ணால் பார்த்தவர். இருவர் வாய் கடந்து வந்ததில் எது கூடியது, எது குறைந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன். தெரியாத இடத்தில் தெரியாது என்றே விட்டுவிடுகிறேன்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில், கண்ணுக்கு எட்டிய மட்டும் வெள்ளையாகக் கிடக்கும் உப்பளங்களின் ஓரத்தில் சங்குமேடு என்று ஓர் ஊர், அந்த ஊரின் கடைசி வீட்டில் சுயம்புகனி என்று ஒருத்தி, அவளுக்கு லிங்கதுரை என்று ஒரு புருசன். அவன் நடக்கப் பழகியதிலிருந்து உப்பை மிதித்து, மீசை முளைத்ததிலிருந்து உப்பு மூட்டை சுமந்து, ஒருநாள் ‘இனிமே என் கண்ணு வெள்ளையப் பாக்கக் கூடாது’ என்று சொல்லிவிட்டு ஏஜெண்டைப் பிடித்துப் போலந்து தேசத்துக்குப் போனான். போன இடத்தில் அவனுக்குக் கிடைத்த வேலை, பனி விழுந்து மூடிய நடைபாதைகளில் விடிகிற நேரத்தில் வண்டி தள்ளிக்கொண்டு போய் உப்புத் தூவுவது. உப்புப் பட்டால் பனி உருகும், சனங்கள் வழுக்காமல் நடப்பார்கள். முதல் போனில் அதைச் சொல்லிவிட்டு அவன் வெகுநேரம் சிரித்தான்.

“அங்க வாரிக் குமிச்சேன், இங்க வந்து எறைக்கேன். உப்பு என்னைய விடமாட்டேங்கு, கனி.”

அவளும் சிரித்தாள். அது முதல் வருசம். இரண்டாம் வருசம் சிரிப்பு குறைந்தது. மூன்றாம் வருசம் போனே குறைந்தது.

கனிக்கு வேலை வீட்டோடுதான். டவுனில் ஒரு ஸ்டுடியோவுக்கு விசேஷ வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பாள். ஸ்டுடியோ கொடுத்த டேப்லெட் ஒன்று எப்போதும் அவள் மடியில் இருக்கும். அதில் கல்யாணமும் சடங்கும் வளைகாப்பும் காதுகுத்தும் வந்து வந்து விழும். விரலால் இழுத்து, விரலால் நறுக்கி, பூ தூவுவதை மேலே ஏற்றி, பொன்துகள் பறப்பதை அதற்கும் மேலே ஏற்றி, காலையிலிருந்து பொழுது சாயும்வரை மற்றவர்களின் சந்தோஷத்தைத் தடவிக்கொண்டே இருப்பாள். சுற்றுவட்டாரத்தில் நடக்கிற எல்லா விசேஷமும் அவள் மடிக்கு வந்தது. அவளைக் கூப்பிட்ட விசேஷம் அதில் அனேகமாக இராது.

இந்தத் தொழிலில் முதல் காரியம் சத்தத்தை எடுப்பது. விசேஷ வீட்டுச் சத்தம் என்றால் ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம், மைக் செட் கிறீச்சிடுகிற சத்தம், ‘ஏய் தள்ளுங்கப்பா, கேமராவுக்கு மறைக்கி’ என்கிற அதட்டல். பணம் கொடுத்து அதை யாரும் திரும்பக் கேட்கமாட்டார்கள். ஆகவே கிளிப் வந்து இறங்கியதும் சத்தத்தைத் தனியே பிரித்து அழித்துவிட்டு, அதற்குமேல் நாதஸ்வரமோ பாட்டோ போட்டுவிடுவாள். வேலை முடிந்ததும் அசல் கிளிப்பையும் அழித்துவிடுவாள். டேப்லெட்டில் இடம் போதாது. தாலி ஏறும்போது அழுத பெண்களை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். ஒருத்தியின் அழுகைச் சத்தமும் அவளுக்குத் தெரியாது.

மூன்றாம் வருசம் மாசி மாதத்தில் லிங்கதுரையிடமிருந்து ஒரு கிளிப் வந்தது. சின்னக் கிளிப். பனி மூடிய ஒரு தெருவில் கறுப்பு ஜாக்கெட்டும் வெள்ளைக் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு அவன் தூரத்திலிருந்து நடந்து வருகிறான், அருகில் வந்து நின்று கேமராவைப் பார்த்து ஏதோ பேசுகிறான், கொஞ்சம் சிரிக்கிறான், தலையைக் குனிந்துகொள்கிறான், திரும்பி வந்த வழியே போகிறான். கனி அதைக் கையில் வாங்கிய நேரம் மறுநாள் ஒப்படைக்க வேண்டிய ஒரு கல்யாணம் மடியில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கல்யாணத்துக் கிளிப்புகளோடு கிளிப்பாக அதையும் இறக்கினாள். இறக்கிய கையோடு, விரல் தன்பாட்டுக்குப் போய், சத்தத்தைப் பிரித்து அழித்துவிட்டது.

அது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. அவள் மனசில் வேறொன்று ஓடியது. அந்த மாசிதான் அவர்கள் கல்யாணம் நடந்த மாசி. இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிற மாதிரி ஒரு படம் செய்து அனுப்பினால் அவன் முகம் மலரும் என்று நினைத்தாள். மறுநாள் கருநீலச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, அளத்துக்குப் போய், ஏழாம் பாத்தியின் வரப்பில் உப்புக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் டேப்லெட்டைச் சாய்த்து வைத்து, வெள்ளை பூத்துக் கிடந்த பாத்திக்குள் அவனைப் போலவே தூரத்திலிருந்து நடந்து வந்தாள், நின்றாள், சிரித்தாள், திரும்பிப் போனாள். அவன் எப்படிச் செய்தானோ அப்படியே செய்தால்தான் படம் பொருந்தும்.

வீட்டுக்கு வந்து தன் படத்தைக் கீழேயும் அவன் படத்தை மேலேயும் வைத்தாள். சும்மா வைத்தால் அவன் அவளை முழுசாக மறைத்தான். மேல்படம் கீழ்ப்படத்தோடு எப்படிக் கலக்க வேண்டும் என்பதற்கு அவள் வீடியோ வெட்டுகிற ஆப்பில் பல வகை உண்டு. முதலில் ஸ்கிரீன் என்ற வகையைத் தொட்டாள். அதில் வெளிச்சம் மட்டும் நிற்கும், கறுப்பு கரைந்துவிடும். பூவும் பொன்துகளும் ஏற்ற அவள் தினமும் தொடுகிற வகை அதுதான். பனியும் உப்பும் சேர்ந்து திரை முழுக்க ஒரே வெள்ளையாகிவிட்டது, அதில் அவனும் இல்லை, அவளும் இல்லை. பிறகு மல்டிப்ளை என்ற வகையைத் தொட்டாள். அதில் நேர்மாறாக வெள்ளை விலகிக்கொள்ளும், இருள் மட்டும் நிற்கும். பனி விலகியது, உப்பு விலகியது, எது எந்த வெள்ளை என்று தெரியாத ஒரே வெள்ளைத் தரையில் ஒரு கறுப்பு ஜாக்கெட்டும் ஒரு கருநீலச் சேலையும் ஒருசேர நடந்து வந்து பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கனி வாய்மேல் கை வைத்துக்கொண்டாள். மேலே ஒரு நாதஸ்வரத்தைப் போட்டு அனுப்பினாள். போனிலும் டேப்லெட்டிலும் இருந்த அசலை வழக்கம்போல் அழித்தாள்; ஒட்டிய படம் மட்டும் டேப்லெட்டில் இருந்தது.

நீல டிக் இரண்டும் விழுந்தன. பதில் வரவில்லை. அவள் கூப்பிட்டாள், அவன் எடுக்கவில்லை.

மறுநாள் உச்சிப் பொழுதில், அளம் எந்த நேரத்தில் மிகவும் வெள்ளையாக இருக்குமோ அந்த நேரத்தில், ஏழாம் பாத்திக்குள் லிங்கதுரை நடந்து வந்தான்.

முதலில் பார்த்தவர் மாகாளியக்கா. வாருபலகையை இழுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, “யாருல அது, பாத்திக்குள்ள செருப்போட வாரது?” என்று சத்தம் போட்டார். அவன் செருப்பல்ல, பூட்ஸ் போட்டிருந்தான். அவன் மிதித்த இடமெல்லாம் தரை புசுபுசுவென்று பனி படிந்து குளிர்ந்து கிடந்தது. கிட்டே வந்த பிறகுதான் ஆள் யார் என்று தெரிந்தது. கறுப்பு ஜாக்கெட் தெளிவாகத் தெரிந்தது, மீசை தெரிந்தது, ஆனால் வெள்ளைத் தொப்பி இருந்திருக்க வேண்டிய இடத்தில் அவனுக்குப் பின்னால் இருந்த உப்பு அம்பாரம் தெரிந்தது. அவன் நின்றான், பேசினான், சத்தம் வரவில்லை, சிரித்தான், பற்கள் இருக்க வேண்டிய இடத்திலும் உப்புதான் தெரிந்தது. பிறகு குனிந்துகொண்டு திரும்பிப் போனான். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் நடந்து வந்தான்.

மூட்டை சுமக்கிற ஆத்திப்பழம் அண்ணன் அவனுக்குப் பழைய கூட்டாளி. இடுப்பில் கைவைத்து நின்று பார்த்துவிட்டு, “என்ன மாப்ள, வெளிநாடு போயிம் தலையில உப்பச் சொமந்துக்கிட்டுத்தான் அலையுத?” என்றார். அவ்வளவுதான். சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது, எல்லோரும் தூக்குவாளியைத் திறந்தார்கள்.

ஊர் அதை இப்படித்தான் எடுத்துக்கொண்டது. ஓர் ஆள் வந்து போகிறான், யாரையும் தொந்தரவு செய்யவில்லை, உப்பைத் திருடவில்லை, இதில் கேட்க என்ன இருக்கிறது. முதல் சில நாட்கள் பெண்கள் அவன் இருக்கிற பக்கம் சேலையைத் தூக்கிச் செருகக் கூச்சப்பட்டார்கள், பிறகு அது மறந்துவிட்டது. ஆனால் அவன் கொண்டுவந்த பனியை யாரும் மறக்கவில்லை. அளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மேலே ஒரு சூரியன், கீழே தரையிலிருந்து அடிக்கிற இன்னொரு சூரியன். கண் எரியும், கால்வெடிப்பில் உப்பு இறங்கும், குடிக்கிற தண்ணீர் கொதிக்கும். இப்போது உச்சிப் பொழுதில் எல்லோரும் ஏழாம் பாத்திக்கு வந்தார்கள். பனியைத் துண்டில் அள்ளிக் கண்மேல் வைத்துக்கொண்டார்கள். புண்பட்ட காலை அதற்குள் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர்க் குடத்தை அதில் நட்டு வைத்தார்கள். குச்சி ஐஸ் விற்கிறவர் டவுனிலிருந்து ஐஸ்கட்டி வாங்குவதை விட்டுவிட்டு இங்கேயே வந்து அள்ளிக்கொண்டு போனார். உப்பும் பனியும் கலந்தால் குளிர் அதிகம் என்பது அவருக்கு முன்பே தெரியும், அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

“நல்லாருப்பான் ஒம் புருசன்,” என்று பெண்கள் கனியிடம் சொன்னார்கள். “போன எடத்துலயிருந்து ஊருக்கு ஒண்ணு செஞ்சிருக்கானே.”

கனியும் தினமும் போனாள். போய் வரப்போரமாக நின்றாள். அவன் நடந்து வருவதும் நிற்பதும் பேசுவதும் போவதும் மாறவே இல்லை. பேசும்போது அவன் பார்வை எங்கே விழுகிறது என்பதை ஊர் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டது. வரப்பில் ஓர் இடம். அங்கே நின்றால் அவன் நேராக உங்களைப் பார்த்து, உங்களுக்கென்றே பேசுவது போலிருக்கும். எல்லோரும் ஒருமுறையாவது அங்கே நின்று பார்த்திருந்தார்கள். பிள்ளைகள் நின்றார்கள். கங்காணி கோயில்பிச்சை அண்ணாச்சி யாரும் பார்க்காத நேரம் பார்த்து நின்றார். புருசன் கடலில் போய்த் திரும்பாத ஒரு பெண், பெயர் வேம்புவுக்கு நினைவில்லை, தினமும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு அங்கே நின்றுவிட்டுப் போனாள். கனி போகும்போது எப்போதும் யாராவது அங்கே நின்றிருப்பார்கள். சொந்தப் புருசன் தன்னைப் பார்ப்பதற்கு அவள் தன் முறை வரும்வரை காத்து நிற்க வேண்டியிருந்தது. நிற்கும்போதும் தனியாக இல்லை; பக்கத்தில் யாராவது பனியில் காலைப் புதைத்து வெங்காயம் கடித்துக்கொண்டிருப்பார்கள்.

“ஏட்டி கனி, என்னதான் சொல்லுதான்?” என்று கேட்பார்கள்.

அவள் மறைக்க நினைத்தது அந்த ஒன்றைத்தான். முதல் நாள் அவன் வாய் அசைந்து சத்தம் வராமல் போனபோதுதான் தன் விரல் செய்த காரியம் அவளுக்கு உறைத்தது. அவன் அனுப்பியதை அவள் கேட்கவே இல்லை. ஊருக்கே தெரிகிற அவன் முகத்திலிருந்து ஊருக்குத் தெரியாத ஒன்றை எடுத்துத் தூர எறிந்தது அவள்தான். அவன் ஏதோ கேட்டிருக்கிறான், அவள் பதிலுக்கு நாதஸ்வரம் அனுப்பியிருக்கிறாள், அதனால்தான் அவன் போனை எடுப்பதில்லை. இவ்வளவும் அவளுக்கு விளங்கியது. என்ன கேட்டான் என்பது மட்டும் விளங்கவில்லை. ‘நான் கேட்கவில்லை’ என்று ஒரு வரி எழுதி அனுப்பலாம். எழுதினாள், அழித்தாள். மூன்று வருசத்தில் அவன் அனுப்பிய ஒரே முகத்தைக் கேட்காமல் வெட்டினேன் என்று எந்த வாயால் சொல்வது.

“சாப்பிட்டியான்னு கேக்காவ, அவ்வளவுதான்,” என்றாள் ஊரிடம்.

“இம்புட்டு நேரமா அதக் கேக்கான்?” என்றார் மாகாளியக்கா.

“என்ன சாப்பிட்டன்னும் கேக்காவ.”

அதற்குமேல் ஊர் கேட்கவில்லை. ஆத்திப்பழம் அண்ணன் மட்டும் ஒவ்வொரு நாளும் சாப்பிட உட்காரும்போது பாத்தியைப் பார்த்து, “சாப்பிட்டாச்சு மாப்ள, கருவாட்டுக் கொழம்பு,” என்று பதில் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். கனியும் சிரிப்பாள். வீட்டுக்குப் போய் டேப்லெட்டைத் திறந்து, யாரோ ஒரு பெண்ணின் சடங்கில் தாய்மாமன் வாயசைத்து ஏதோ சொல்வதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். இப்போதெல்லாம் சத்தத்தை எடுக்க அவள் விரல் தயங்கியது. ஜெனரேட்டர் சத்தத்தை முழுசாகக் கேட்டாள். அதட்டல்களைக் கேட்டாள். ஒரு கல்யாணத்தில் மணவறைக்குப் பின்னால் யாரோ ஒருவர் யாரிடமோ, “நீ வந்ததே போதும்” என்று மெல்லச் சொல்வது அவளுக்குக் கேட்டது. அதற்குமேல் பாட்டைப் போட அவளுக்கு மனம் வரவில்லை. ஸ்டுடியோவில் திட்டினார்கள்.

பங்குனி பிறந்து வெயில் ஏறியபோது, கங்காணி கோயில்பிச்சை கனியின் வாசலில் வந்து நின்றார். நல்ல மனிதர், சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் மேல்துண்டை இரண்டு முறை உதறினார்.

“எம்மா, ஏழாம் பாத்தியில உப்பு எறங்கல. பனி உருகி உருகித் தண்ணியாப் போவுது. எறங்குன உப்பும் கரையுது. இப்ப எட்டாம் பாத்திக்கும் ஈரம் ஓடுது. மொதலாளி கேக்காரு, நான் என்னன்னு சொல்ல?”

“நான் என்ன செய்ய முடியும் அண்ணாச்சி?”

“நீதான ஒட்டுன. நீதான பிரிக்கணும். அந்தப் படத்த அழிச்சிரு தாயி. நாளைக்குப் பொழுது சாயிறதுக்குள்ள.”

அவர் போன பிறகு கனி டேப்லெட்டில் அந்த ஒட்டுப்படத்தைத் திறந்தாள். கீழே அவள், மேலே அவன். அவன் படத்தை ஒரு விரலால் அழுத்திப் பிடித்தால் குப்பைத்தொட்டி ஒன்று வரும், தொட்டால் தீர்ந்தது. அவன் போய்விடுவான், பனி போய்விடும், அவன் என்ன சொன்னான் என்பது உலகத்தில் யாருக்கும் தெரியாமல் போய்விடும். குப்பைத்தொட்டி வந்தது. அவள் தொடவில்லை. படத்தின் ஓரத்தில், சத்தம் இல்லை என்று காட்டுகிற குறுக்குக்கோடு போட்ட சின்ன ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் உச்சியில் அவள் அளத்துக்கு வந்தபோது அந்த இடத்தில் ஐஸ்காரர் நின்றிருந்தார். “தள்ளுங்க அண்ணே,” என்றாள். குரல் எப்படி இருந்ததோ, அவர் உடனே தள்ளினார். லிங்கதுரை நடந்து வந்தான், நின்றான், அவளைப் பார்த்தான், வாயசைத்தான். கனி எல்லோர் காதிலும் விழும்படி அவனிடம் சொன்னாள்.

“நான் கேக்கலங்க. நீங்க பேசினத நான் கேக்கல. சத்தத்த எடுத்துட்டேன்.”

அவன் சிரித்தான், தலையைக் குனிந்துகொண்டான், திரும்பிப் போனான்.

அளத்தில் வாருபலகைச் சத்தம் நின்றது. ஆத்திப்பழம் அண்ணன் கையில் எடுத்த சோற்றை வாயில் போடாமல் வைத்திருந்தார். மாகாளியக்காதான் பனியிலிருந்து காலை உருவிக்கொண்டு எழுந்து வந்தார்.

“அப்ப சாப்பிட்டியான்னு கேக்கான்னு சொன்னியேட்டி?”

“பொய்.”

“அட பாவி, இவன் தெனமும் கொழம்பு வரைக்கும் பதிலு சொல்லிக்கிட்டு இருக்கானே!” என்று ஆத்திப்பழத்தைக் காட்டினார். யாரோ சிரித்தார்கள், சிரிப்பு பாதியில் நின்றது. அக்கா குரலை இறக்கினார். “கேக்கலன்னு இவன்கிட்டச் சொல்லி என்னட்டி ஆவப் போவுது. இது வாயி மட்டும் உள்ள ஆளு. காது உள்ளவன் அங்க இருக்கான், அவன்கிட்டச் சொல்லு.”

கனி போனை எடுத்தாள். அளத்து நடுவில், எல்லோரும் பார்த்திருக்க, அதே சொற்களை அதே குரலில் பேசி அனுப்பினாள். காற்றுச் சத்தம் அதில் விழுந்தது, பின்னால் யாரோ மூக்கு உறிஞ்சுவதும் விழுந்தது. ஒன்றையும் எடுக்கவில்லை.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் அவன் கூப்பிட்டான். அந்தப் பக்கம் உப்பு வண்டியின் சக்கரம் கல்லில் உரசுவது கேட்டது.

“நெசமாவே கேக்கலையா?”

“கேக்கலங்க. கை பழக்கம். வார கிளிப்புக்கெல்லாம் அப்படித்தான் செய்வேன்.”

“நான் என்னன்னு நெனச்சேன் தெரியுமா. கேட்டுட்டுத்தான் நீ பதிலு சொல்லுதன்னு நெனச்சேன்.”

“நான் எங்க பதிலு சொன்னேன்?”

“தெனமும் வாரியே கனி.”

அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவன் உப்புத் தூவுகிற தெருவில், அங்கே பொழுது விடிந்து பனி வெளுக்கிற நேரத்தில், அவள் நடந்து வந்துகொண்டிருந்தாள். வெறுங்காலோடு, கருநீலச் சேலையோடு. தலையில் பூ இருந்த இடத்தில் பூ தெரியாது, பின்னால் இருக்கிற பனி தெரியும். கூட வேலை செய்கிறவர்கள் முதலில் குளிருக்குப் போர்வை கொண்டுவந்து நீட்டினார்கள், பிறகு பழகிவிட்டார்கள், இப்போது ஒதுங்கி வழி விடுகிறார்கள். அவள் நடந்த தடத்தில் உப்பு விழுந்து பனி நிற்பதில்லை என்பதால் அந்தத் தெருவுக்கு மட்டும் உப்பு வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டான்.

“வந்து நிப்ப. என்னையப் பாத்துச் சிரிப்ப. ஒண்ணும் சொல்லாமத் திரும்பிப் போயிருவ. சரி, இதுதான் பதிலுன்னு வச்சிக்கிட்டேன்.”

“நீங்க திரும்பிப் போனீக, அதனால நானும் போனேன். படம் பொருந்தணும்லா. என்ன கேட்டீக?”

“இப்ப என்னத்துக்கு அது.”

“சொல்லுங்க.”

“நான் அங்க வந்துரட்டுமா, இல்ல நீ இங்க வாரியான்னு கேட்டேன். ரெண்டுல எதச் சொன்னாலும் சரின்னேன். இங்க ராத்திரியில பேச்சுத்தொணைக்குப் பக்கத்து ரூம்பு கதவுச் சத்தத்தக் கேட்டுக்கிட்டுக் கெடக்கேன், முடியலன்னேன். இந்த மாசத்துக்குள்ள சொல்லணும், கம்பெனியில கையெழுத்துக் கேக்கான்னேன்.”

“போட்டுட்டீகளா?”

“போட்டுட்டேன்.”

“எத்தன வருசம்?”

“ரெண்டு. தனி ஆளுன்னு போட்டாச்சு. இனி நானும் வர முடியாது, ஒன்னையும் கூப்பிட முடியாது.”

அவள் அழவில்லை என்று வேம்பு சொன்னாள். வீட்டுக்குள் நடந்தது உன் அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். வேம்பு மேலே சொல்லிக்கொண்டு போனாள்.

போனில் கனி சொன்னாள். “படத்த அழிக்கச் சொல்லுதாவ. பாத்தியில உப்பு எறங்கலையாம்.”

“அழிச்சிரப் போறியா?”

“அழிக்கவா?”

சக்கரச் சத்தம் நின்றது. “இன்னும் கொஞ்ச நாளுதான் இங்க பனி கெடக்கும்,” என்றான். “அதுக்குள்ள நான் வேற ஒண்ணு எடுத்து அனுப்புதேன். நீயும் வேற எடு. வேற எடத்துல எடு, பாத்திக்குள்ள வேண்டாம். கனி, இந்தத் தடவ திரும்பிப் போவாத. நின்னுக்கிட்டே இரு.”

“நீங்களும் போவக் கூடாது.”

“போவமாட்டேன்.”

அவள் பழைய படத்தை அழித்தாள். ஏழாம் பாத்தி காய்ந்தது, உப்பு இறங்கியது, கோயில்பிச்சை அண்ணாச்சி மேல்துண்டை உதறாமல் நடந்தார். அளத்துப் பெண்கள் இரண்டு நாள் கண்ணெரிச்சலில் கனியைத் திட்டித் தீர்த்தார்கள். மூன்றாம் நாள் அவன் கிளிப் வந்தது. அதே தெரு, அதே ஜாக்கெட், அழுக்காகிக் குறைந்துபோன கடைசிப் பனி. அவன் சும்மா நிற்கிறான், பேசவில்லை. பாத்திகளுக்கு அப்பால், எல்லோரும் சாப்பிட உட்காருகிற, உப்பு பூத்து வெளுத்த பொட்டல் மேட்டில் கனி கருநீலச் சேலை கட்டிச் சும்மா நின்று தன் கிளிப்பை எடுத்தாள். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து மல்டிப்ளை என்பதைத் தொட்டாள். பாட்டுப் போடவில்லை. அவன் பக்கத்துக் காற்றும் அவள் பக்கத்து வாருபலகையும் ஒரே நேரத்தில் கேட்டன.

அன்றிலிருந்து அந்த மேட்டில் உச்சிப் பொழுதில் அவன் நிற்கிறான், காலடியில் பனி கிடக்கிறது, அங்கே காலைப் புதைத்துக்கொண்டு ஊர் சாப்பிடுகிறது. டேப்லெட்டை வீட்டில் வைத்துவிட்டுக் கனி வருவாள், அவன் பக்கத்தில் போய் நிற்பாள். தொட்டால் கைக்கு ஒன்றும் அகப்படாது, குளிர் மட்டும் அடிக்கும். அவன் அவளைப் பார்ப்பதில்லை, நேராகப் பார்க்கிறான். அவளும் நேராகப் பார்க்கிறாள். அந்த நேரத்தில் அங்கே அந்தத் தெருவில் அவள் நிற்கிறாள், வண்டியை ஓரமாக விட்டுவிட்டு அவன் போய் அவள் பக்கத்தில் நிற்கிறான் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் அவர்களிடம் பேச்சுக் கொடுப்பதில்லை. பொழுது சாய்ந்து தரை இருண்டால் இருட்டோடு இருட்டாக அவன் போய்விடுவான், அவள் வீட்டுக்கு நடப்பாள்.

ஊருக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் இன்னும் தீரவில்லை. “என்ன இருந்தாலும் கட்டுனவன், அவதான் முக்கியம்னு கெளம்பி வந்துட்டான்,” என்பார் ஆத்திப்பழம் அண்ணன். “கண்ணத் தொறந்து பாருலே, அவ காலுக்குக் கீழ பனி கெடக்கு. இவதான் அங்க போயி நிக்கா,” என்பார் மாகாளியக்கா. அவன் இங்கே வந்திருக்கிறானா, அவள் அங்கே போயிருக்கிறாளா என்று சோறு முடிகிறவரை பேசுவார்கள். மறுநாளும் அதையே பேசுவார்கள்.

நான் சங்குமேட்டுக்குப் போனதில்லை. இதில் எதையும் நான் உறுதியாகச் சொல்ல முடியாது. ஊருக்குத் தீராத அந்த ஒன்றை மட்டும் பிறகு சரிபார்த்தேன். ஒருவரிடம் டேப்லெட் இரவல் வாங்கி, விடுதியின் வெள்ளைச் சுவர் முன்னால் வேம்புவை ஓரமாக நிற்கவைத்து ஒரு கிளிப்பும், நான் மறு ஓரத்தில் நின்று ஒரு கிளிப்பும் எடுத்து, அவளை மேலேயும் என்னைக் கீழேயும் வைத்து மல்டிப்ளையில் கலந்து பார்த்தேன். பிறகு என்னை மேலே ஏற்றி அவளைக் கீழே இறக்கிப் பார்த்தேன். படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை.